வெட்டாத மூச்சு

அம்மா இறந்த மறுநாள் காலை, நாப்போலியில் எங்கள் வெர்ஜினி தெருச் சுவர்களில் இரண்டு சுவரொட்டிகள் இருந்தன. ஒன்று நாங்கள் ஒட்டியது. கருப்புக் கட்டம், சிலுவை, பெயர், அடக்கம் எந்தக் கோயிலில் என்ற விவரம். எங்கள் தெருவில் யார் செத்தாலும் ஒட்டுவது. மற்றது அதைவிடப் பெரியது. மாண்டலின் படம் போட்டது. ‘கிணற்றடிக் குழு தன் குரலை இழந்தது’ என்று கொட்டை எழுத்து. அம்மாவின் பெயர் அதற்குக் கீழே சின்னதாக. எல்லாவற்றுக்கும் கீழே குழுவின் தொலைபேசி எண். கல்யாணம், ஞானஸ்நானம், விருந்துகளுக்கு அணுகவும்.

பசை காய்ந்துவிட்டிருந்தது. நகத்தால் கிழித்தேன். மாண்டலின் வந்தது. எண் வரவில்லை.

என் அம்மா தித்தீனா குடல்காரி. வெர்ஜினி சந்தை முனையில் தள்ளுவண்டிக் கடை. வேகவைத்த குடல், பன்றிக்கால், கன்றுக்குட்டி மூக்கு. பளிங்குப் பலகையில் பரப்பி, மேலே தண்ணீர் சொட்டவிட்டு, சுற்றிலும் எலுமிச்சைக் கிளைகளைச் சொருகியிருப்பாள். கேட்டவருக்குத் துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மாட்டுக்கொம்பில் அடைத்த உப்பைக் குலுக்கித் தாளில் வைத்துத் தருவாள். நின்றபடி கையால் எடுத்துத் தின்பார்கள். விரலை நக்குவார்கள்.

நான் தின்றதில்லை. அந்த வெந்நீர் நாற்றம் என் தலைமுடியில் இருந்தது, பாடப்புத்தகத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை உடுப்பிலும் இருந்தது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஜன்னலைத் திறப்பாள். வீட்டுக்கு வந்து அழுதால் அம்மா கத்தியைத் தீட்டிக்கொண்டே சொல்வாள்: “நாத்தம்தான், யாரு இல்லேன்னா? நீ மூக்கைப் பொத்திக்கிட்டுப் படி. வாயால மூச்சு விட்டாலும் பாடம் ஏறும்.”

படித்தேன். நகரத்துக்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டும்போது மேலே உள்ள வீடுகள் எவ்வளவு நடுங்குகின்றன என்று அளப்பது என் வேலை. விரிசல் விட்ட சுவர்களில் கருவிகளைப் பொருத்துவேன். சத்தத்தையும் அதிர்வையும் திரையில் கோடாகப் பார்ப்பேன். எனக்கு இசை தெரியாது. சத்தம் தெரியும்.

அப்பா ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார். அங்கே வேறு குடும்பம். அவரைப் பற்றி எழுத வேறெதுவும் இல்லை.

அம்மா பாடக் கற்றுக்கொண்டது சிறைச்சாலைக்கு வெளியே. அவள் அண்ணன் அனியெல்லோ, பொஜ்ஜோரெயாலே என்கிற சிறையில் இருந்தான். எதற்கு என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறை கேட்டபோதும் வேறு வேறு காரணம் வந்தது. அவளுடைய தாய்க்குக் குரல் கட்டை. அதனால் சிறுமியாக இருந்த அம்மாவைத்தான் மதிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில் நிறுத்துவார்கள். அவள் இலைப்பாட்டுப் பாடுவாள். எலுமிச்சை இலையை விளித்துத் தொடங்குகிற பாட்டு; தாளம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது, மூச்சு உள்ளவரை இழுப்பது. நடுவில் சேதியைச் செருகிவிடலாம். வக்கீல் மாறிவிட்டார், உன் பையனுக்குப் பல் முளைத்துவிட்டது, சாட்சி சொன்னவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். காவலர்களுக்கு அது ஒரு ஏழைப் பெண்ணின் பாட்டு. உள்ளே இருப்பவனுக்கு அது செய்தித்தாள்.

அவள் குரல் முடிகிற இடத்தில் உள்ளிருந்து ஒரு குரல் அதை வாங்க வேண்டும். வாங்குவது என்றுதான் சொல்வார்கள். அவள் சத்தம் காற்றில் இருக்கும்போதே அதன் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது. யாரும் வாங்காவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். வேறு சிறைக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது அதைவிட மோசம். ஒருமுறை யாரும் வாங்கவில்லையாம். அவளுடைய தாய் மேட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாளாம். அன்று அனியெல்லோவுக்குத் தொண்டை வீக்கம், அவ்வளவுதான். அந்தக் கதையை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் இடைவெளி விழுவதை அவள் எந்த நாளும் பொறுத்துக்கொண்டதில்லை.

தொன் எஜீதியோ பல்செட் செய்பவர்; ‘தொன்’ என்பது எங்கள் தெருவில் பெரியவர்கள் பெயருக்கு முன்னால் சேர்க்கிற மரியாதை. எங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரில் அவர் பட்டறை. விரலிடுக்கில் எப்போதும் பல் அச்சு எடுக்கும் மாவு. மாண்டலின் வாசிப்பார், பாடுவார். குரல் நல்ல குரல். அதை மறுக்க முடியாது. பட்டறைக்குப் பின்னால் பழைய கிணறு உள்ள முற்றத்தில் ஆட்களைச் சேர்த்துப் பழைய நாப்போலிப் பாட்டுகளைப் பழகத் தொடங்கியபோது, அம்மாவைத் தேடி வந்தார்.

“தித்தீனா, நீ பாடுவியாமே.”

“யார் சொன்னா?”

“தெருவே சொல்லுது.”

“தெரு ஆயிரம் சொல்லும். குடல் வேணுமா, மூக்கு வேணுமா?”

“உன் குரல் வேணும்.”

“அதை நான் எடை போட்டு விக்கிறதில்ல, தொன் எஜீதியோ. பின்னாடி ஆள் நிக்குது. நகருங்க.”

அவர் நகரவில்லை. மறுபடி மறுபடி வந்தார். அம்மாவுக்கு மேல்வரிசையில் பாதிப் பற்கள் இல்லை. வாயைத் திறக்க வெட்கம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டாள். அவர் பல் செய்து தந்தார். அவள் பாடினாள். பிற்பாடு போன இடமெல்லாம் மேடையில் அதைச் சொன்னார்: “குரல் அவளோடது, பல்லு என்னோடது!” கூட்டம் சிரிக்கும். அம்மாவும் அந்தப் பல்லைக் காட்டிச் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன்.

குழுவில் நான் கொஞ்சமாவது மதித்தவன் சசா. நகரப் பேருந்து ஓட்டுநர். பெரிய தொப்பை. வளையத்தில் சலங்கைத் தகடுகள் வைத்த பெரிய மேளம் அடிப்பான். அம்மாவை அக்கா என்று கூப்பிடுவான். அவன் பேருந்து எங்கள் வண்டியைத் தாண்டும்போது ஒலிப்பானை அடிப்பான். அவள் கத்தியைத் தூக்கிக் காட்டுவாள். பயணிகள் திட்டுவார்கள்.

கிணற்றடிக் குழு நன்றாகவே ஓடியது. யாரும் பரிதாபப்பட வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணின் பால்கனிக்குக் கீழே பாடக் கூப்பிட்டார்கள். விடுதி மொட்டைமாடிகளுக்குக் கூப்பிட்டார்கள். கப்பலில் வந்திறங்கிய கூட்டம் வறுத்த மீனை மென்றபடி கேட்டது. பாட்டின் நடுவே தட்டு மாற்றுவார்கள். யாராவது ஒருவன் எழுந்து அம்மாவின் தோளில் எண்ணெய்க் கையைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வான். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் எஜீதியோ நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்: “இந்தப் பாட்டு சாகல. நாங்க உயிரோட வச்சிருக்கோம்.”

அம்மாவிடம் கேட்டேன். “இதைக் கேட்டு உனக்கு அருவருப்பா இல்லையா?”

“எதுக்கு?”

“எவனோ உன் தோள்ல கை போட்டான். அந்த ஆளு உன் பல்லைப் பத்திப் பேசுறார்.”

“அடியே, நாள் முழுக்க நான் கன்னுக்குட்டி மூக்கைச் சீவுறேன். எனக்கு எண்ணெய்க் கையா பெருசு? பாடறப்ப எஜீதியோ என் குரலைக் கீழ விடறதில்ல. அது போதும்.”

அது உண்மைதான். இலைப்பாட்டில் அவளிடமிருந்து குரலை வாங்குவது எப்போதும் அவர்தான். அதற்கு ஒரு முறை உண்டு. முற்றத்தில் மூத்த பாடகர் பாடும்போது, அவர் கையைத் தூக்கி உள்ளங்கையைத் திருப்பினால்தான் அடுத்தவர் வாங்கலாம். கை எழும்புவதற்கு முன் வாங்கினால், ‘உன் மூச்சு முடிந்துவிட்டது, ஒதுங்கு’ என்று எல்லோர் முன்னும் சொன்னதாக ஆகும். அதற்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்திய வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அம்மா கையைத் தூக்குவாள். அந்த நொடியில் எஜீதியோ அங்கே இருப்பார். இரண்டு குரலுக்கும் நடுவே ஒரு தாள்கூட நுழையாது.

பிறகு அவளுக்கு நுரையீரல் இறுகத் தொடங்கியது. புகைத்தது பாதி, மற்றது என்னவென்று மருத்துவர்களுக்கே தெரியவில்லை. வண்டியை விற்றோம். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. அது ஓடும்போது கட்டில் சட்டம் லேசாக நடுங்கும். நான் அதன் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். அம்மா மூக்குக்குழாயோடு ஜன்னலில் உட்கார்ந்து கீழே போகிறவர்களை வம்புக்கு இழுப்பாள். பாட்டை மட்டும் விடவில்லை. ஒரு வரி பாடுவாள், குழாயில் இழுப்பாள், அடுத்த வரி பாடுவாள்.

கோடையில் முற்றத்தில் குழுவின் விழா. அம்மா ஒரே ஒரு இலைப்பாட்டுப் பாட வேண்டும் என்று எஜீதியோ வந்து நின்றார். வேலை முடிந்து நேராகக் கருவிப் பெட்டியோடு அங்கே போனேன். கையடக்க ஆக்சிஜன் பெட்டி அம்மாவின் காலடியில் இருந்தது. படப்பிடிப்புக்காரன் ஒருவன் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தான். எஜீதியோ குனிந்து அம்மாவிடம் பேசுவது கேட்டது.

“குழாயோட நின்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், தித்தீனா. ஒரு பாட்டுதானே. கழட்டிடு. முடிஞ்சதும் மாட்டிக்கலாம்.”

நான் குறுக்கே போனேன். “கழட்டாதம்மா.”

“நீ சும்மா இரு.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர் பாட வரலியே. நான் இத்தன வருஷம் வித்தது கன்னுக்குட்டி மூக்கு. இது என் மூக்கு. நான் பாத்துக்கறேன்.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளே கழற்றினாள். குழாயை எஜீதியோ கையில் வாங்கி, ஏதோ அழுக்குத்துணி போல இரண்டு விரலால் பிடித்து, நாற்காலிக்குப் பின்னால் போட்டார். கேமராவில் தெரியாமல்.

என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அளக்கும் ஒலிவாங்கியை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பதிவை ஓடவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே காரியம்.

எழுந்து நின்று, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பாடினாள். எலுமிச்சை இலையே, கதவு தட்டிக் கை வலிக்குது, உள்ளே யாரு என்று இழுத்தாள். மெலிந்த குரல், ஆனால் நேரான குரல். ஜன்னல்களில் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடைசிச் சொல்லை இழுக்கையில் அது மெல்ல மெல்ல நைந்தது. நின்றது. பிறகு அவள் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். காற்றுப் பிடிக்காத பம்பின் சத்தம். மறுபடி அதே சத்தம். அவ்வளவு நேரமும் வேறு எதுவும் இல்லை. சசா மேளத்தைத் தொப்பையோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். எஜீதியோ அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடைவெளி எத்தனை நொடி என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

பிறகு எஜீதியோ பாடினார். அழகாகப் பாடினார். கூட்டம் கைதட்டியது. அம்மா நாற்காலியில் சரிந்தாள். நான் குழாயைத் தேடி எடுத்து, தூசியைத் துடைத்து மாட்டிவிட்டேன். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எஜீதியோவையும் பார்க்கவில்லை.

கோடை முடிவதற்குள் போய்விட்டாள். அந்தப் பாட்டுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். சரிதான். நுரையீரல் ஏற்கெனவே முடிந்திருந்தது. நான் அளவு எடுப்பவள். இல்லாத காரணத்தைப் போட மாட்டேன். ஆனால் விழாவிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே இயந்திரத்தைப் பார்த்தபடி ஒன்று சொன்னாள்: “கீழ விட்டுட்டாங்கடி.” அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் பாடவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். மாடி வீட்டு அமாலியா அத்தை கோழிச்சாறு கொண்டுவந்தாள். மேலே கொழுப்பு ஆடை கட்டியிருந்தது. இன்னொருத்தி காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரையைப் போட்டே கொண்டுவருவார்கள், துக்கத்தில் இருப்பவளுக்குக் கலக்கக்கூடக் கை எழாது என்று. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. குடித்தேன். வந்தவர்கள் எல்லோரும் கன்னத்தில் முத்தமிட்டார்கள். ஈரத்தைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது, பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எஜீதியோ இனிப்புத் தட்டோடு வந்தார். தன் கையால் பிரித்து, முதல் இனிப்பைத் தானே எடுத்துக் கடித்தார். அமாலியா அத்தை சாற்றுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“ரொசால்பா, அந்தப் பதிவு உங்கிட்டதானே இருக்கு?” என்றார் எஜீதியோ.

“இருக்கு.”

“கேமராக்காரன் பதிவுல இரைச்சல்தான் கேக்குது. மைக்கைக் காத்தாடி பக்கத்துல வச்சிருக்கான், எருமை. உன்னோடதுதான் சுத்தமா இருக்கும். சிடி போடறோம், உங்கம்மா நினைவா. கடைசிப் பாட்டா அதைத்தான் வைக்கணும்.”

“வைங்க.”

“ஒரு சின்ன வேலை இருக்கு. நடுவுல அது இருக்குல்ல, அதை எடுத்துடு.”

“எதை?”

“தெரியாத மாதிரி கேக்காத. அந்த இழுப்பு. அதுக்கப்புறம் வர்ற காலி எடம். அவ முடிக்கிற எடத்துல என் குரலைக் கொண்டாந்து ஒட்டிட்டா தீந்துச்சு. உனக்கு இதெல்லாம் ஜுஜுபி.”

மீசையில் இனிப்பின் பால்கூழ் ஒட்டியிருந்தது. அதை நாக்கால் எடுத்தார்.

“ஒட்டினா நீங்க சரியான நேரத்துக்கு வந்த மாதிரி ஆயிடும்.”

“அவளுக்கு மரியாதையா இருக்கும்.”

“அவளுக்கா?”

“எல்லாருக்கும்தான். என் பேரப்பசங்க கேப்பாங்கம்மா. தித்தீனா குரலை எஜீதியோ கீழ விட்டான்னு காலத்துக்கும் பேசுவாங்க. அது அவளுக்குப் பெருமையா?”

அமாலியா அத்தை குறுக்கிட்டாள். “துக்க வீட்டுல என்னய்யா இது? அந்தப் பொண்ணு முதல்ல சாறு குடிக்கட்டும்.”

“நான் என்ன அவளைக் குடிக்க வேணாம்னா சொன்னேன்?”

அவர் போன பிறகு இனிப்புத் தட்டைக் குப்பையில் கொட்டினேன். அமாலியா அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சாற்றைச் சூடுபண்ண எடுத்துப் போனாள்.

கணினியில் பதிவைத் திறந்தேன். கோடு முதலில் அகலமாக, பிறகு நூலாக. பிறகு இரண்டு சிறிய முட்கள், அவள் மூச்சு. பிறகு தட்டை. பிறகு எஜீதியோ, தடிமனாக. அவர் சொன்னபடி செய்து பார்த்தேன். வெட்டினேன், ஒட்டினேன், ஓரத்தை மழுக்கினேன். கேட்டேன். குறையே இல்லை. அம்மா நோயில்லாதவள். எஜீதியோ அன்பானவர். முற்றத்தில் அன்று எதுவும் நடக்கவில்லை. எவனும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு வாந்தி வந்தது. உண்மையாகவே வந்தது, கழுவுதொட்டிக்கு ஓடினேன். திரும்பி வந்து, வெட்டி ஒட்டிய அந்தப் பிரதியை அழித்தேன்.

அவளிடம் கடைசியாக மிச்சமிருந்தது அந்த இரண்டு முட்கள்தான். உடம்பு மண்ணில் இருக்கிறது. வண்டியை வேறொருவன் வாங்கி, சிவப்புக்கொம்புத் தாயத்து விற்கிறான். பல்லைக்கூட அடக்கத்துக்கு முன் எடுத்துவிட்டார்கள். மூச்சையும் எடுத்துவிட்டால், அங்கே பாடியது யார்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முற்றத்துக்குப் போனேன். எஜீதியோவும் சசாவும் இருந்தார்கள். மேலே அமாலியா அத்தை ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியைக் கிணற்று மேடையில் வைத்தேன்.

“வெட்டிட்டியா?” என்றார் எஜீதியோ.

“கேளுங்க.”

போட்டேன். அம்மா பாடினாள். சசா தொப்பியைக் கழற்றினான். குரல் நைந்து, நூலாகி, நின்றது. அந்தச் சத்தம் வந்தது.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எஜீதியோ வாய் திறந்து வாங்கினார். அதே நொடியில் சசாவும் வாங்கினான். அவன் பாடுகிறவனே இல்லை. ஜன்னலிலிருந்து அமாலியா அத்தை, வாயில் துணிக்கவ்வியோடு. மூவரும் வேறு வேறு சுருதி. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் ஒலிபெருக்கியிலிருந்து பழைய எஜீதியோ வந்து சேர்ந்தார். சந்தைக் கூச்சல். நான் நிறுத்தினேன்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“இப்ப வருது,” என்றேன். “டப்பாவுக்கு முன்னாடி எல்லாருக்கும் வருது. அவ உயிரோட நின்னப்ப ஒருத்தருக்கும் வரல.”

“எனக்குப் பாட வராதேம்மா,” என்றான் சசா. அழுதுகொண்டிருந்தான். “மேளத்தையாவது அடிச்சிருக்கலாம். இலைப்பாட்டுக்கு மேளம் கூடாதுன்னு நின்னேன், கழுதை மாதிரி.”

எஜீதியோ கிணற்றுச் சுவரில் கை ஊன்றினார். “அவ கை தூக்கல.”

“அவ கை நாற்காலியில இருந்துச்சு. விட்டா விழுந்திருப்பா.”

“தெரியும்.”

“பாத்தீங்களா?”

“பாத்தேன். அதையேதான் பாத்துக்கிட்டு நின்னேன். கை தூக்காம எப்படி வாங்குறது? நான் வாங்கியிருந்தா தித்தீனா முடிஞ்சுட்டான்னு அந்த நிமிஷமே தெருப் பூரா தெரிஞ்சிருக்கும். அவளே என்னைக் காறித் துப்பியிருப்பா.”

“துப்பியிருப்பாண்ணே,” என்றான் சசா. “துப்புறதுக்கு மூச்சு இருந்திருக்கும்.”

எஜீதியோ கைக்குட்டையை எடுத்து முகம் முழுக்கத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. கயவனாக இருந்திருந்தால் எளிது. அவர் முறையைக் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். பாட்டை உயிரோடு வைத்திருக்கிறவர், கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி மூச்சுக்குத் திணறுவதை, மரியாதைக் குறைவாகிவிடுமே என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். குழாயைக் கழற்றச் சொல்ல மட்டும் எந்த முறையும் தடுக்கவில்லை.

“சரி,” என்றார் கடைசியில். “அவ மூச்சை வெட்டாத. என்னை வெட்டிடு. அவ நிறுத்துற எடத்தோட பாட்டு முடியட்டும். என் குரலே வேணாம்.”

ஜன்னலில் அமாலியா அத்தை, “பாத்தியா, மனுஷன் மனசு,” என்றாள்.

“முடியாது,” என்றேன்.

“ஏம்மா? நானே சொல்றேன், என்னைத் தூக்கிடுன்னு.”

“நீங்க அங்க இல்லாம இல்ல. இருந்தீங்க. தாமதமா வந்தீங்க. அது அப்படியே இருக்கும். அவ பாடினது, அவ மூச்சு, காலி எடம், அப்புறம் நீங்க. முழுசா வேணும்னா எடுத்துக்குங்க. இல்லன்னா இந்தப் பதிவு என் பெட்டியை விட்டு வெளிய போகாது.”

“அழகா இருக்காதேம்மா.”

“இருக்காது.”

“கேக்கிறவங்க என்னைக் காறித் துப்புவாங்க.”

“அவங்களுக்கு மூச்சு இருக்கு,” என்றான் சசா.

எஜீதியோ அவனை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். விரலிடுக்கில் இருந்த மாவைச் சுரண்டினார். “குடு,” என்றார். “முழுசாவே குடு.”

கொடுத்தேன். அவர் என் தலையில் கை வைக்க வந்தார். நகர்ந்துகொண்டேன்.

சி.டி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. அம்மாவின் படம் அட்டையில். நல்ல படம் இல்லை; விடுதி மொட்டைமாடியில் எடுத்தது, எவனோ ஒருவனின் கை அவள் தோளில் பாதி தெரிகிறது. முற்றத்தில் மேசை போட்டு எஜீதியோவே விற்றார். நான் அமாலியா அத்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். கம்பளிச் சால்வை போட்ட ஒரு அம்மாள் மேசை முன் நின்று சி.டி.யை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“தொன் எஜீதியோ, இது ஓட்டை சிடி. கடைசிப் பாட்டு நடுவுல நின்னுடுது. என் மருமகன் மெஷினையே கழட்டிப் பாத்துட்டான்.”

“சிடி நல்லாத்தான் இருக்கும்மா.”

“என்ன நல்லா இருக்கு? தித்தீனா நல்லாப் பாடிட்டு வர்றா. அப்புறம் குழாய்ல தண்ணி நின்ன மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் எங்கிருந்தோ நீங்க வர்றீங்க.”

“அது தித்தீனா மூச்சு வாங்குற சத்தம். அந்த ஒண்ணுமில்லாத எடத்துல நான் பாடியிருக்கணும்.”

“ஏன் பாடல?”

எஜீதியோ என்னைப் பார்த்துவிட்டார். நான் வணக்கம் சொல்லவில்லை. போகவும் இல்லை.

“அவ கை தூக்குவான்னு நின்னேம்மா,” என்றார். “அவளால தூக்க முடியல. நான் பாடல.”

அந்த அம்மாள் சி.டி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

“அப்போ நீங்க பாடாத எடத்துக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்? அதைக் கழிச்சுக் குடுங்க.”

அவர் சட்டைப்பையில் கையை விட்டார். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சி.டி.யோடு வந்து நின்றார்கள். என்ன தகராறு என்று அவர்கள் கேட்டார்கள். எஜீதியோ முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.